பாதி மீனுக்கு

ஒரு மீனை ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோக வேண்டுமானால், முதலில் அந்த மீனைப் பற்றிய நினைவுகளைக் கொண்டுபோக வேண்டும். நினைவில்லாத ஊரின் தண்ணீர் மீனை நனைப்பதில்லை. ஏரியின் நடுவில் விட்டாலும் அது உலர்ந்த மீனாகவே நீந்தும். சில நாட்களில் நீந்தியபடியே கருவாடாகிவிடும். ஆகையால் மீன்வளத் துறையினர் எந்த இடமாற்றத்திலும் நினைவுகளை முன்னால் அனுப்பிவிட்டு, மீன்களைப் பின்னால் அனுப்புவார்கள்.

தாழையூர் ஏரியில் பொட்டுக்கெண்டை இருந்தது. விரல் நீளத்துக்கு மேல் வளராத மீன். நெற்றியில் குங்குமம் வைத்தாற்போல ஒரு சிவப்பு. வேறெந்த ஏரியிலும் அது கிடையாது. தாழையூரிலும் ஏரி என்று சொல்லிக்கொள்ள அதிகம் மிஞ்சவில்லை. ஊரின் பேருந்து நிலையம் ஆண்டுக்கு ஆண்டு சிறிது பின்னால் நகர்ந்து ஏரிக்குள் உட்கார்ந்துகொண்டே வந்தது. மிச்சமிருந்த தண்ணீர், கட்டணக் கழிப்பறைக்குப் பின்னால், ஒரு கல்யாண மண்டபத்தை விரித்த அளவுக்குக் கிடந்தது. அடுத்த கோடையில் பேருந்து நிலையம் அதன்மேலும் உட்காரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பங்குனி மாதத்தில் மீன்வள ஆய்வாளர் எபநேசர் வந்தார். முழுக்கைச் சட்டையும் பணிவான குரலும் கொண்ட இளைஞர். பொட்டுக்கெண்டைகளைக் குன்றடி ஏரிக்கு மாற்றப் போவதாகவும், ஊரார் தத்தம் நினைவுகளைத் தந்து உதவ வேண்டும் என்றும் ஒலிபெருக்கியில் அறிவித்தார். குன்றடி, மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர். நகரப் பேருந்தில் முற்பகலில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம்.

நினைவுகளை நெகிழிப் பையில் வாங்கினால் கசியும். எனவே எபநேசர், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த வடிவாம்பாளின் பாத்திரக்கடைக்கு வந்து நின்றார்.

வடிவாம்பாள் அறுபதைக் கடந்தவள். பாத்திரங்களில் பெயர் வெட்டும் வேலையை இன்னும் தன் கையாலேயே செய்தாள். மின்சாரப் பேனாவால் கிறுக்குவதை அவள் பெயர் வெட்டுதல் என்று ஒப்புக்கொள்வதில்லை. சிற்றுளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக எழுத்தைக் கொண்டுவருவாள். மாவட்டத்தின் பாதி வீடுகளில், சோற்றுப் பானையின் கழுத்திலும் குடத்தின் தோளிலும் அவள் கையெழுத்துத்தான் இருந்தது.

"மூணு விஷயம் சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றாள் எபநேசரிடம். "பாத்திரத்தைக் கழுவித் துடைச்சுக் கொண்டு வரணும். மூடி பொருந்தணும். பேர் வெட்டியிருக்கணும்."

"பேர் எதுக்கும்மா?"

"பாத்திரம் வீடு திரும்ப வேண்டாமா? பேர் இல்லாத பாத்திரம் எந்த வீட்டில் இருக்கோ அந்த வீட்டுப் பாத்திரம். பேர் இருந்தா, அந்தப் பேருக்கு உரியவங்ககிட்டயே கொண்டுபோய்க் கொடுக்கணும். வெறும் பாத்திரமா யாரும் கொடுக்கவும் மாட்டாங்க. குன்றடிக்காரங்க முறை தெரிஞ்சவங்கதானே?"

"தெரிஞ்சவங்கதான்னு நினைக்கிறேன்."

"நினைச்சாப் போதாது, விசாரிங்க."

அவர் விசாரித்து வந்தார். குன்றடியிலும் பிறர் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள் என்று தெரிந்தது. அதன்பிறகே வடிவாம்பாள் கடையின் பின்பக்கத் திரையை ஊராருக்குத் திறந்துவிட்டாள்.

கொடுக்கும் முறை எளியது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, பாத்திரத்தின் மூடியைத் திறந்து, நினைவை அதற்குள் சொல்லி, மூடியை அழுத்தி மூடிவிட வேண்டும். மூடியபிறகு, சொன்னது என்ன என்பது சொன்னவருக்குத் தெரியாது. பாத்திரம் மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்.

முதலில் வந்தவர் தனுஷ்கோடி. ஓய்வுபெற்ற நடத்துநர். முப்பது ஆண்டுகள் பேருந்தில் எல்லோரையும் அதட்டியவர், ஓய்வுபெற்றபின் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கதை சொன்னார். அவரும் அவருடைய அப்பாவும் தூண்டில் போட்டுப் பிடித்த பொட்டுக்கெண்டையின் கதை அது. அவர் ஒரு சிறு டம்ளருடன் வந்தார்.

"இது போதாது. தூக்குவாளி எடுத்துட்டு வாங்க" என்றாள் வடிவாம்பாள்.

"சின்ன மீன்தானே வடிவம்மா?"

"டீக்கடையில் சொல்றப்ப முழங்கை நீளம் காட்டுவீங்க. பொய்க்கும் சேர்த்து இடம் வேணாமா?"

"பொய்யா? அன்னிக்கு அது அவ்வளவு நீளம்தான் இருந்துது! எங்கப்பா இருந்தா சொல்லுவார்."

"அவரையும் உள்ளே உட்கார வைக்கணும்ல. அப்போ தூக்குவாளியும் போதாது. அடுக்குப் பானை கொண்டு வாங்க."

அடுக்குப் பானை வந்தது. பெயர் வெட்டப்பட்டது. அடுத்த நாள் முதல் தனுஷ்கோடி டீக்கடையில், "நானும் எங்கப்பாவும் ஒரு நாள்..." என்று தொடங்குவார், அதற்குமேல் வராது. கேட்பவர்கள் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். பிறகு டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள்.

ஊரார் ஒழுங்காகவே கொடுத்தார்கள். மீன்குழம்பு கொதித்த அடுப்புகள், பொரித்த மீனுக்காக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள், முள் சிக்கிய தொண்டைகள், பிள்ளை பெற்றவளுக்கு மீன்சாறு வைத்துக்கொடுத்த மாமியார்கள் எல்லாம் பாத்திரங்களுக்குள் போய் மூடிக்கொண்டன. வடிவாம்பாளும் ஒன்று கொடுத்தாள், தன் கல்யாணத்துக்கு மறுநாள் பரிமாறிய குழம்பைப் பற்றியது. அது போனதில் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை.

இன்னொன்று அவளிடம் இருந்தது. அதைக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். பெயர் செண்பகம்; வீட்டில் செம்பா. ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது வடிவாம்பாளுக்கு ஒன்பது. வீட்டில் புகைப்படம் எதுவும் இல்லை. செண்பகத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். தங்கையைப் பற்றிய மற்ற நினைவுகள், எங்கே வைத்தோம் என்று தெரியாத சாவிகளைப் போல, வடிவாம்பாளிடமிருந்தும் தாமாகவே நழுவிவிட்டன. கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. அதில் ஏரிப் படித்துறையும் பொட்டுக்கெண்டைகளும் இருந்தன. செண்பகம் இந்த உலகத்தில் இருந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

பாத்திரங்கள் நகரப் பேருந்தில் ஏறின. உட்கார்ந்து போக வேண்டியவை உட்கார்ந்தன. இடமில்லாதவை நின்றுகொண்டு போயின. குன்றடியில், உப்பைக் கொடுப்பதுபோல, கொண்டுபோனவர்கள் அவற்றைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்கள். குன்றடியார் குனிந்து எடுத்துக்கொண்டார்கள். கைக்குக் கை மாறியிருந்தால் இரண்டு ஊருக்கும் பகை வந்திருக்கும். அவரவர் வீட்டில் மூடியைத் திறந்து முகர்ந்ததும், அந்த மீனைத் தங்களுக்கு எப்போதோ தெரியும் என்று குன்றடியாருக்குத் தோன்றியது. பின்னால் பீப்பாய்களில் மீன்கள் வந்தன. ஏரியில் விட்டதும் அவை நனைந்தன. எபநேசர் ஒரு மீனைத் துணியால் ஒற்றிப் பார்த்து, ஈரம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பிறகுதான் மூச்சுவிட்டார்.

சித்திரை பிறந்து சில நாட்களில் அவர் மறுபடி வடிவாம்பாளின் கடைக்கு வந்தார். முழுக்கைச் சட்டையின் ஒரு கை மட்டும் மடிக்கப்பட்டிருந்தது. கவலையில் இருக்கிறார் என்று வடிவாம்பாள் அறிந்துகொண்டாள்.

"நனையுதும்மா. நீந்துது. ஆனா தின்ன மாட்டேங்குது."

"என்ன போட்டீங்க?"

"புழு, தவிடு, பாசி, எல்லாம் போட்டாச்சு. பக்கத்துல வந்து பாக்குது. அதை என்ன பண்றதுன்னு தெரியாம நிக்குது. இப்படியே போனா இந்த மாசம் தாண்டாது."

"ஏன் அப்படி?"

எபநேசர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டேன், எந்தெந்த நினைவு வந்திருக்குன்னு. எல்லாமே மனுஷங்க மீனைத் தின்னது. மீன் எதையாவது தின்னது ஒண்ணுகூட இல்லை. தூண்டில் கதையிலயும் அது முள்ளைத்தான் கவ்வுது. இந்த ஊர்ல யாருமே அதைப் பாத்ததில்லையாம்மா?"

சுத்தியல் ஒரு முறை தவறி, யாருடைய பெயரிலோ தேவையில்லாத ஒரு புள்ளி விழுந்தது. வடிவாம்பாள் அந்தக் குடத்தைத் தள்ளி வைத்தாள். அவளுடைய நாற்பது ஆண்டுத் தொழிலில் அப்படி விழுந்த முதல் புள்ளி அது.

"கொடுத்த நினைவை அப்புறம் யாராவது திரும்பச் சொன்னா, வந்துடுமா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுக்கலாம்மா. ஞாபகம் இருக்காது. பேப்பர்ல படிச்ச செய்தி மாதிரி."

"சரி. நான் ஒரு தடவை அந்த ஏரியைப் பாக்கணும்."

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு அவள் குன்றடிக்குப் போனாள். ஏரி பெரியது. தண்ணீர் தெளிவாக இருந்தது. மேற்குப் பக்கம் ஒரு மலை, ஏரியையும் ஊரையும் நடுப்பகலுக்குப் பின் தன் நிழலில் வைத்துக்கொண்டிருந்தது. படித்துறையில் அவளை வரவேற்றவள் ராக்காயி. ஆடுகள் வைத்திருந்தாள், தாழையூரிலிருந்து வந்த பாத்திரங்களை எந்த வீட்டுக்கு எது என்று பிரித்துவிட்டவளும் அவள்தான்.

"வாங்க மதினி. பெயர் வெட்டுற அம்மா நீங்கதானா? எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றாள். பிறகு ஏரிக்கரையைக் கைகாட்டினாள். "உங்க ஊர்ல எல்லாருமே சாப்பாட்டு ராமனுங்கதானா? உங்க ஞாபகத்தை மோந்து பாத்ததுலேர்ந்து எனக்கு நாள் முழுக்கப் பசிக்குது. அங்க பாருங்க, கூடவே வந்தவங்களை."

கரையில் சிலர் அடுப்பு மூட்டிக் குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாமியார் சாறு எடுத்துப் போனாள். ஒரு பாறையில், தலையில் துண்டு கட்டிய ஒருவர் தூண்டிலோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வடிவாம்பாள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். தனுஷ்கோடியின் அப்பா. இறந்து வெகு காலம் ஆகியிருந்தது.

"நினைவில் இருக்கிறவங்க எல்லாரும் வந்துடறாங்களா?"

"வராம? மீன் மட்டும் தனியா எப்படி வரும்? நினைக்கிறவங்கதான் வர்றதில்லை. அவங்க முகத்தை அவங்க பாத்திருக்க மாட்டாங்கள்ல. சில சமயம் நிழல் மட்டும் வருது." ராக்காயி குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பெரியவர் தங்கமான மனுஷன். பொய்யே பேச மாட்டார். மீன் விரல் நீளந்தான்னு அவரே சொல்றார். ஞாயித்துக்கிழமை அவர் மகன் வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போறார். எதுக்கு வர்றோம்னு அவருக்குத் தெரியல போல. ஆனா அப்பான்னு தெரியுது."

"தெரிஞ்சா நல்லதுதான்" என்றாள் வடிவாம்பாள்.

தனுஷ்கோடிக்கு அப்பாவைப் பற்றி வேறு நினைவுகள் இருந்தன. அடி வாங்கியது, தோளில் ஏறித் தேர் பார்த்தது, கடைசியில் தோள் கொடுத்துத் தூக்கிப் போனது. ஒன்றைக் கொடுத்தாலும் மற்றவை அவரிடம் நின்றன. வடிவாம்பாளுக்கு அப்படியில்லை.

அவள் படியில் இறங்கி உட்கார்ந்து, கால்களைத் தண்ணீருக்குள் வைத்தாள். பொட்டுக்கெண்டைகள் வந்தன. மெலிந்திருந்தன; நெற்றிச் சிவப்பு வெளிறிப் பழுப்பாகியிருந்தது. அவள் விரல்களைச் சுற்றி நின்று, ஏதோ ஒன்றைச் சொல்ல மறந்துபோன விருந்தாளிகளைப் போலத் தயங்கின. கொண்டுபோன சாதத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்துப் போட்டாள். அது மூழ்கியது. மீன்கள் அதற்கு வழிவிட்டு விலகிக்கொண்டன.

வடிவாம்பாள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கொடுக்காவிட்டால் மீன் போய்விடும்; செண்பகம் தன்னிடம் இருப்பாள், தான் இருக்கும் வரைக்கும். தான் போனபின் அவளும் போவாள். கொடுத்துவிட்டால் செண்பகம் இந்தப் படியில் இருப்பாள். ஆனால் தனக்குத் தங்கை என்று ஒருத்தி இருந்ததே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் உட்காரக்கூடத் தோன்றாது. இதில் எது நியாயம் என்று பார்த்தால், நியாயம் இரண்டிலும் இருந்தது. எது வேண்டும் என்று பார்த்தால், அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. மலையின் நிழல் படித்துறையைத் தாண்டி அவள் மடிமேல் ஏறியபோது எழுந்து, கால்களைத் துடைத்துக்கொண்டு, பேருந்துக்குப் போனாள்.

மறுநாள் காலை அவள் கடையிலிருந்த கிண்ணங்களில் மிகச் சிறியதை எடுத்தாள், குழந்தைக்குப் பருப்புச்சாதம் பிசையும் அளவுள்ளது. பொருத்தமான மூடி தேடினாள். பிறகு உளியை எடுத்து, எந்தப் பெயரை வெட்டுவது என்று எண்ணினாள். தன் பெயரை வெட்டினால் பாத்திரம் தன்னிடமே திரும்பி வரும். ஆனால் உள்ளே இருப்பது தன்னுடையது அல்ல. பாத்திரத்தில் உரியவரின் பெயரைத்தான் வெட்ட வேண்டும். அதில் அவள் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. 'செண்பகம்' என்று வெட்டினாள். அவசரப்படாமல், ஒவ்வொரு புள்ளியையும் ஒரே ஆழத்தில் இறக்கினாள்.

எபநேசர் வெளியே காத்திருந்தார்.

"தம்பி, நான் வெளியே வந்தப்புறம் இதைப் பத்தி எங்கிட்ட எதுவும் சொல்லக் கூடாது. செய்தியா எனக்கு வேண்டாம்."

"சரிங்கம்மா."

அவள் திரைக்குப் பின்னால் போய்க் கிண்ணத்தைத் திறந்தாள்.

"நல்ல வெயில்" என்று அதற்குள் சொன்னாள். "அம்மா துணி துவைக்கப் போயிருக்கா. நான் மேல்படியில நிக்கிறேன், என் நிழல் தண்ணி வரைக்கும் விழுந்திருக்கு. செம்பா கீழ்ப்படியில உக்காந்திருக்கா. தட்டுல சோறு. ஒரு பருக்கையை எடுத்துக் கால்விரல் இடுக்குல வைக்கிறா, காலைத் தண்ணியில விடுறா. பொட்டுக்கெண்டை வருது. வாயை உருண்டையாக்கி, பருக்கையை முதல்ல ஒரு முட்டு முட்டுது. அப்புறம் பின்னால போகுது. அப்புறம் வந்து உறிஞ்சிடுது. செம்பா கூச்சம் தாங்காம சிரிக்கிறா. தட்டே ஆடுது. எதுக்குடி சோத்தை வீணாக்குறேன்னு கேக்குறேன். பாதி எனக்கு, பாதி மீனுக்குங்கிறா. அப்போ எனக்குன்னு கேக்குறேன். இன்னிக்குத் தீந்துபோச்சு, நாளைக்கு உனக்குப் பாதி தரேன் அக்காங்கிறா. காலைத் துடைச்சிட்டு உள்ளே வான்னு சொல்லிட்டு நான் நடக்கிறேன். பின்னால இன்னும் சிரிப்புச் சத்தம் கேக்குது. அன்னிக்கு ராத்திரி அவளுக்கு உடம்பு சுட்டுது. அதை நான் இதுக்குள்ள வைக்கல. சிரிப்புச் சத்தத்தோட மூடிடறேன்."

மூடியை அழுத்தினாள்.

அழுத்தியபின், தன் கையில் ஒரு சிறு கிண்ணம் இருப்பதைக் கண்டாள். திருப்பிப் பார்த்தாள். பெயர் வெட்டியிருந்த விதம் அவளுக்குத் திருப்தி அளித்தது. செண்பகம் யாரோ, நல்ல கிண்ணம் கிடைத்திருக்கிறது. எழுந்தபோது கால்விரல்கள் நனைந்திருந்தன. துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். எபநேசர் குனிந்து எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே மீன்கள் தின்னத் தொடங்கின. முதலில் ஒரு முட்டு முட்டும், பின்னால் போகும், வந்து உறிஞ்சிவிடும் என்று எபநேசர் வந்து சொன்னார். நெற்றிச் சிவப்பு திரும்பிவிட்டது என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. "நல்லது" என்றாள் வடிவாம்பாள். அவர் சட்டையின் இரண்டு கைகளுக்கும் சரியாகப் பொத்தான் போட்டிருந்ததைக் கவனித்தாள்.

வைகாசியில் பாத்திரங்கள் திரும்பி வரத் தொடங்கின. குன்றடியார் முறை தெரிந்தவர்கள். ஒன்றைக்கூட வெறுமையாக அனுப்பவில்லை. நினைவு வந்த பாத்திரத்தில் சர்க்கரை போட்டு அனுப்பினால் மரியாதை ஆகாது என்று அவர்கள் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அவர்களிடம் நிறைய இருந்தது மலைதான். ஆளுக்குக் கொஞ்சமாக மலையைப் பற்றிய நினைவைப் போட்டு அனுப்பினார்கள். ஒருவர் மலையின் எதிரொலியை, ஒருத்தி அதன் நாவல் மரங்களை, இன்னொருவர் அதன் வழுக்குப் பாறையை. குன்றடியில் மலை சற்றுத் தாழ்ந்தது. ஆடுகளை ஏற்றி இறக்க அது வசதியாகவே இருந்தது.

தாழையூரில் தனுஷ்கோடி டீக்கடையில் மறுபடி பேசலானார். "நானும் எங்கப்பாவும் ஒரு நாள், மலைமேல ஒரு ஆட்டைத் தேடிப் போனோம்" என்று சொல்லிவிட்டு, அந்த ஆட்டின் கொம்பு இவ்வளவு நீளம் என்று முழங்கையைக் காட்டினார். பேருந்து நிலையத்துக்குள் நுழையும் ஓட்டுநர்கள், தட்டையான சாலையில் இரண்டாம் கியருக்கு மாற்றினார்கள்.

ஆனி மாதத்து மதியம் ஒன்றில், வடிவாம்பாள் ஒரு குத்துவிளக்கின் அடித்தட்டில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு சிறுமி வந்து நின்றாள். ஏழு வயதிருக்கும். பாவாடையின் ஓரம் நனைந்திருந்தது. கால்விரல் இடுக்கில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. கையில் சிறு கிண்ணம்.

"யாரும்மா? என்ன வேணும்?"

"கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்தேன். குன்றடியிலேர்ந்து."

"காலைத் துடைச்சிட்டு உள்ளே வா."

சிறுமி சிரித்தாள். "எப்பவும் இதையே சொல்றே அக்கா."

கடைக்கு வருபவர்கள் எப்படி வேண்டுமானாலும் அழைப்பார்கள் என்பதால் வடிவாம்பாள் அதைத் திருத்தவில்லை. "குன்றடியில் யார் வீட்டுப் பிள்ளை நீ?"

"படித்துறையில இருக்கேன். ராக்காயி அத்தை சோறு போடும். போட்டுட்டுத் திட்டும், பாதியை மீனுக்குக் கொடுக்கிறேன்னு."

"திட்டத்தான் செய்வா. தனியாவா இருக்கே?"

"இல்லை. மேல்படியில ஒரு நிழல் இருக்கு. உன்னோடதுதான். நான் பேசினா அது பதில் சொல்லாது. பேச்செல்லாம் இங்க இருக்குன்னு ராக்காயி அத்தை சொல்லிச்சு. அதான் வந்தேன்."

வடிவாம்பாள் கிண்ணத்தைக் கையால் தொடாமல், அது யாருடையது என்று பெயரைப் படித்தாள். "செண்பகம்னு இருக்கே. அவங்ககிட்டதான் கொடுக்கணும். எங்கிட்ட கொடுக்கக் கூடாது."

"நான்தான் செண்பகம்."

"அப்போ நீயே கொடுத்து நீயே வாங்கிக்கணும். தரையில் வை."

சிறுமி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். பிறகு அதைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, குனிந்து எடுத்துக்கொண்டாள். முறைப்படி நடந்துகொண்டதை வடிவாம்பாள் தலையசைத்து ஏற்றாள்.

"உள்ளே என்ன போட்டிருக்காங்க?"

சிறுமி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "மலையோட சாயங்கால நிழல். முழுசாப் போட்டுட்டாங்க." பிறகு கிண்ணத்தை நீட்டினாள். "பாதி உனக்கு."

"எனக்கு எதுக்கு? உன் பேருக்கு வந்தது."

"தரேன்னு சொன்னேன்ல. நேத்து தீந்துபோச்சு, நாளைக்குத் தரேன்னு. மறந்துட்டியா?"

வடிவாம்பாளுக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததாக நினைவில்லை. யோசித்துப் பார்த்தாள், இல்லைதான். ஆயினும் ஒரு குழந்தை சொன்ன சொல்லைக் காப்பாற்ற வரும்போது, அதை வாங்கிக்கொள்ளாமல் இருப்பது முறையல்ல. அலமாரியிலிருந்து பெயர் வெட்டாத ஒரு கிண்ணத்தை எடுத்துத் துடைத்து, தரையில் வைத்தாள். சிறுமி குந்தி உட்கார்ந்து, ஒரு துளி சிந்தாமல், நிழலைச் சரிபாதியாகச் சரித்து ஊற்றினாள். கூடக் குறைய இருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தன் கிண்ணத்திலிருந்து இன்னும் ஒரு துளி சேர்த்தாள்.

"போதும். பேருந்து போயிடும்" என்றாள் வடிவாம்பாள். பிறகு தன் சாப்பாட்டு அடுக்கைத் திறந்து, ஒரு பிடி சோற்றை இலையில் மடித்துத் தரையில் வைத்தாள். "இது மீனுக்கு. பாதியை நீ சாப்பிடணும். ராக்காயிகிட்ட நான் கேப்பேன்."

"நாளைக்கும் வரட்டுமா அக்கா?"

"காலைத் துடைச்சிட்டு வரதா இருந்தா வா."

சிறுமி இலையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். நடத்துநர் அவளுக்கு அரை டிக்கெட் கொடுத்தார். மடியில் இருந்த நிழலுக்குக் காசு கேட்கவில்லை. பேருந்து மலைச்சாலையில் ஏறுவதுபோல முனகிக்கொண்டு கிளம்பியது. சிரிப்புச் சத்தம் கேட்டதுபோல் வடிவாம்பாள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உளியை எடுத்து, தன் பங்குக் கிண்ணத்தில் பெயர் வெட்டினாள். தன் பெயரைத்தான். சற்று யோசித்து, அதன் பக்கத்தில் 'செண்பகம்' என்றும் வெட்டினாள். இரண்டு பெயர் உள்ள பாத்திரத்தை அவள் அதுவரை செய்ததில்லை. எங்கே கிடந்தாலும் இரண்டு பேரும் ஓரிடத்தில் இருந்தால்தான் அதைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

மாலையில் மூடியைத் திறந்துவைத்தாள். மலையின் நிழல் பாதி, மேற்கிலிருந்து வந்து, பேருந்து நிலையத்தின் கூரையைக் கடந்து, அவள் கடையின் நடுவில் வந்து நேர்க்கோடாக நின்றது. மலை இன்னும் வந்து சேரவில்லை. வெயில் பட்டால் பித்தளை சுடும் என்பதால், வெயில் பக்கத்தில் இருந்த குடங்களை ஒவ்வொன்றாக நிழல் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தாள்.